பெர்சி ஜாக்சன் வாசிக்கும் பிள்ளை கிரேக்கப் புராணத்தைத் தவறாகக் கற்றுக்கொள்ளுமா?

11 வயது மகள் பெர்சி ஜாக்சன் வரிசையில் முதல் இரண்டு புத்தகங்களை ஒரே மூச்சில் முடித்துவிட்டு மூன்றாவதைக் கேட்கிறாள், அதில் வரும் கிரேக்கப் புராணம் எவ்வளவு சரியானது, முதலில் அசலைப் படிக்க வைத்துவிட்டு அப்புறம் இதைக் கொடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கவலை கடைசி வரியில்தான் இருக்கிறது: "தவறாக ஒன்று மனதில் பதிந்துவிட்டால் பிறகு மாற்ற முடியுமா?" அதற்குத்தான் இங்கே பதில் சொல்லப் பார்க்கிறேன். நான் பழங்கால கிரேக்க, லத்தீன் இலக்கியம் படித்தவன். பல வருடங்களாக அந்தக் கதைகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். என் வகுப்புக்கு ஆர்வத்தோடு வருகிறவர்களில் பலருக்கு முதல் அறிமுகம் இந்தத் தொடர்தான். அதனால் சுருக்கமான பதில்: மூன்றாவது புத்தகத்தைத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய சில இடங்கள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் நீங்கள் பயப்படும் இடத்தில் இல்லை.

தொடரைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இதை எழுதிய ரிக் ரையர்டன் அமெரிக்காவின் டெக்சஸைச் சேர்ந்தவர், நடுநிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். அவருடைய மகனுக்கு ஏடிஎச்டியும் (கவனம் நிலைக்காத, துறுதுறுப்பான இயல்பு) டிஸ்லெக்சியாவும் (எழுத்தை வாசிப்பதில் சிரமம்) இருந்தன. பள்ளியில் அந்தப் பையனுக்குப் பிடித்திருந்தது கிரேக்கப் புராணம் மட்டும்தான். படுக்கப் போகும்போது அப்பா ஒவ்வொன்றாகச் சொல்லி, தெரிந்த கதைகள் தீர்ந்துபோனதும், அதே தெய்வங்களை வைத்துப் புதிதாக ஒரு பையனை உருவாக்கினார். அவன்தான் பெர்சி. நியூயார்க்கில் அம்மாவோடும் மாற்றாந்தந்தையோடும் வளர்கிற 12 வயதுப் பையன், தான் கடல் தெய்வமான பொசைடனின் மகன் என்று கண்டுபிடிக்கிறான். 2005இல் முதல் புத்தகம் வந்தது, 2009இல் ஐந்தாவதோடு முதல் வரிசை முடிந்தது. கடைகளில் இதை இளையோர் நாவல் என்ற அலமாரியில் வைத்திருந்தாலும், இது 9 முதல் 12 வயதுக்காரர்களை மனதில் வைத்து எழுதியது. வயதைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை.

சரி, 'அசல்' என்ற பேச்சுக்கு வருவோம். கிரேக்கப் புராணத்துக்கு இதுதான் மூலநூல் என்று ஒன்று இருந்ததே இல்லை. சுமார் கி.மு. 700இல் ஹெசியட் தெய்வங்களின் பிறப்பு வரிசையைப் பாடினார். ஹோமரின் பெயரில் வழங்கும் இலியட், ஒடிசி என்ற இரண்டு காவியங்களில் பல இடங்கள் ஹெசியட்டோடு ஒத்துப்போகாது. அப்புறம் ஏதென்ஸின் நாடக ஆசிரியர்கள் வந்தார்கள். மெடியா தன் குழந்தைகளைத் தானே கொன்றாள் என்பது இன்று எல்லாருக்கும் தெரிந்த கதை. அதை நிலைநாட்டியது கி.மு. 431இல் மேடையேறிய யூரிபிடிஸின் நாடகம். கொரிந்த் நகரத்து மக்கள்தான் அந்தக் குழந்தைகளைக் கொன்றார்கள் என்ற இன்னொரு கதையும் பழங்காலத்தில் வழங்கியது. டிராய் போருக்கே காரணமாகச் சொல்லப்படும் ஹெலன் டிராய்க்குப் போகவே இல்லை, அங்கே போனது அவளுடைய மாய உருவம் மட்டும்தான் என்று கவிஞர் ஸ்டெசிகோரஸ் பாடினார். யூரிபிடிஸும் அதை எடுத்துக்கொண்டு ஒரு முழு நாடகம் எழுதினார். ஆகவே ஒரு நவீன எழுத்தாளர் கதையை மாற்றிவிட்டார் என்பதை மட்டும் வைத்து அவரைக் குறை சொல்ல முடியாது. எதை மாற்றினார், எதை விட்டார், எதைச் சொந்தமாகச் சேர்த்தார் என்றுதான் பார்க்க வேண்டும்.

மாணவர்களுக்கு நான் சொல்லிவருகிற ஒரு வழி இருக்கிறது, உங்கள் மகளுக்கும் உதவும். இந்தத் தொடரில் சம்பவங்கள் பெரும்பாலும் பழையவை, சட்டதிட்டங்கள் பெரும்பாலும் புதியவை. யார் யாருக்குப் பிள்ளை, எந்த அரக்கன் எப்படிச் செத்தான், எந்தப் பொருளை யார் எங்கே போய்க் கொண்டுவந்தார்கள் என்பதெல்லாம் ஏறக்குறைய பழைய நூல்களில் இருப்பதுதான். தெய்வங்களின் பிள்ளைகள் தங்கிப் பயிற்சி பெறும் முகாம், அங்கே ஒவ்வொரு தெய்வத்தின் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் குடில், மூன்று பெரிய தெய்வங்கள் இனி மனிதர்களோடு பிள்ளை பெறுவதில்லை என்று போட்ட ஒப்பந்தம், 16 வயதை எட்டும் ஒரு பிள்ளையைப் பற்றிய பெரிய தீர்க்கதரிசனம், கொல்லப்பட்ட அரக்கர்கள் பாதாளத்தில் மறுபடி உருவாகித் திரும்பி வருவது இவையெல்லாம் ரையர்டனின் கற்பனை. பழங்கதைகளில் அரக்கர்கள் செத்தால் செத்ததுதான். ஆனால் ஐந்து புத்தகங்கள் ஓட வேண்டுமே, ஒரே அரக்கன் திரும்பத் திரும்ப வராமல் எப்படி?

இந்த விதிக்கு விலக்குகள் உண்டு. அந்த விலக்குகளில்தான் ரையர்டன் எவ்வளவு ஆழமாகப் படித்திருக்கிறார் என்பது தெரியும். மனிதர்களின் கண்ணிலிருந்து அரக்கர்களையும் தெய்வங்களையும் மறைக்கும் ஒரு மூடுபனி தொடர் முழுக்க வருகிறது. கதையை நகர்த்த வசதியாகக் கண்டுபிடித்த உத்தி என்று தோன்றும். ஆனால் இலியட்டின் 5ஆம் காண்டத்தில் ஞானத் தெய்வமான அதீனா கிரேக்க வீரன் டயமீடிஸிடம், உன் கண்மேல் இருந்த மூடுபனியை எடுத்துவிட்டேன், இனி யார் தெய்வம் யார் மனிதன் என்று உனக்குத் தெரியும் என்கிறாள். ஒடிசியின் 7ஆம் காண்டத்தில் அதே அதீனா ஒடிசியஸை யாரும் பார்க்காதபடி பனியால் மூடி நகரத்துக்குள் நடத்திக்கொண்டு போகிறாள். ஹோமரில் அங்கங்கே வருகிற ஒரு விஷயத்தை ரையர்டன் எப்போதும் இருக்கும் ஏற்பாடாக ஆக்கிவிட்டார், அவ்வளவுதான்.

தெய்வங்கள் தங்கள் பிள்ளைகளுக்கு நேரடியாக உதவக் கூடாது என்ற விதியும் அப்படித்தான். பிள்ளைகளை இந்தக் கதை ஆழமாகத் தொடுவதற்கு முக்கியக் காரணம் அந்த விதி. அப்பா இருக்கிறார், எல்லாம் வல்லவர், ஆனால் கூப்பிட்டால் வரமாட்டார். முகாமில் இருக்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் இருக்கிற காயம் இதுதான், வில்லனாக மாறுகிறவனுடைய கோபமும் இதிலிருந்துதான் கிளம்புகிறது. இலியட்டின் 16ஆம் காண்டத்தில் தெய்வங்களின் அரசனான ஜீயஸின் மகன் சார்பிடான் போர்க்களத்தில் சாகப் போகிறான். காப்பாற்றிவிடலாமா என்று ஜீயஸ் தயங்குகிறார். நீ உன் மகனைக் காப்பாற்றினால் இங்கே மகன்கள் உள்ள மற்ற தெய்வங்களும் அதையே கேட்பார்கள் என்கிறாள் அவருடைய மனைவி ஹேரா. ஜீயஸ் அடங்கிப்போகிறார், மகனுக்காக இரத்த மழை பொழிய வைக்கிறார், மகன் சாகிறான். என் வகுப்பில் இந்தத் தொடரை வாசித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியை விளக்க வேண்டிய தேவையே வந்ததில்லை. அவர்களுக்கு ஹேரா சொல்கிற காரணம் உடனே புரிகிறது, ஜீயஸ்மேல் கோபமும் வருகிறது. ஹோமரை இந்த வயதில் இப்படி வாசிக்கிற பிள்ளை எதையும் தவறாகக் கற்றுக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

முதல் புத்தகத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம். பெர்சி என்பது பெர்சியஸின் சுருக்கம். பழைய பெர்சியஸ், பார்த்தவரைக் கல்லாக்கும் மெடூசாவின் தலையை வெட்டியவன், ஜீயஸின் மகன். நம்ம பெர்சியோ பொசைடனின் மகன். இது பிழையா? பெர்சி செய்கிற காரியங்களைப் பாருங்கள். ஆயுதம் இல்லாமல், காளைத் தலையுள்ள அரக்கனான மினோட்டாரோடு மோதி, அதன் கொம்பையே முறித்துக் கொல்கிறான். படுக்கைக்குச் சரியாக ஆட்களை இழுத்து நீட்டுகிற புரோக்ரஸ்டிஸை, லாஸ் ஏஞ்சலீஸில் தண்ணீர்மெத்தைக் கடைக்காரனாக வரும்போது, அவனுடைய கட்டிலிலேயே மாட்டிவிடுகிறான். இவை இரண்டும் ஏதென்ஸின் வீரன் தீசியஸ் செய்தவை. அப்பலோடோரஸின் பெயரில் உள்ள புராணத் தொகுப்பு, தீசியஸ் மினோட்டாரை முஷ்டியால் குத்திக் கொன்றதாகச் சொல்கிறது. அந்தத் தீசியஸுக்கு இரண்டு தந்தையர், ஒருவர் ஏதென்ஸ் அரசன் ஏஜியஸ், இன்னொருவர் பொசைடன். ஆகவே பெர்சிக்குப் பெயர் ஒருவனிடமிருந்தும் பிறப்பும் செயல்களும் இன்னொருவனிடமிருந்தும் வந்திருக்கின்றன. பெயருக்கான காரணத்தைத் தொடரே சொல்கிறது: கிரேக்க வீரர்களில் நல்லபடியாக முடிந்த ஒரு சிலரில் பெர்சியஸ் ஒருவன், அதனால் அம்மா அந்தப் பெயரை வைத்தாள். அந்த அம்மாவின் பயம் நியாயமானது. தீசியஸ் மலையுச்சியிலிருந்து தள்ளிவிடப்பட்டுச் செத்தான், ஹெராக்ளிஸ் மனைவி கொடுத்த விஷ ஆடையால் வெந்து செத்தான், ஜேசன் தன் பழைய கப்பலின் உளுத்த மரம் மேலே விழுந்து செத்தான்.

இப்போது முதல் புத்தகத்தின் முடிவு. பழைய கதையில் பெர்சியஸின் அம்மா டானேயை செரிஃபாஸ் தீவின் அரசன் பாலிடெக்டிஸ் தொல்லைப்படுத்துகிறான். மகனை ஒழித்துக்கட்டத்தான் மெடூசாவின் தலையைக் கொண்டுவா என்று அனுப்புகிறான். மகன் தலையோடு திரும்பி வந்து அரசனைக் கல்லாக்கி அம்மாவை விடுவிக்கிறான். ரையர்டனின் புத்தகத்தில் அந்த இடத்தில் இருப்பது கேப் என்ற மாற்றாந்தந்தை. வீட்டிலேயே உட்கார்ந்து சீட்டாடுகிறவன். பெர்சியின் அம்மா சாலியை அடிக்கிறவன் என்பது போகப் போகத் தெரிகிறது. பெர்சியிடம் மெடூசாவின் தலை இருக்கிறது, ஒரு நொடியில் முடித்துவிடலாம். ஆனால் அவன் அந்தப் பெட்டியை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகிறான். முடிவை அவளே எடுக்கிறாள். கேப் காணாமல் போகிறான், 'சீட்டாடுபவர்' என்ற பெயரில் தத்ரூபமான ஒரு சிலை நல்ல விலைக்குப் போகிறது, அந்தப் பணத்தில் சாலி விட்டுப்போன படிப்பைத் தொடர்கிறாள். அப்பலோடோரஸில் டானே காப்பாற்றப்படுகிற பெண் மட்டும்தான், அவள் வாயில் ஒரு சொல்கூட இல்லை. தொடர் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இது. பழைய கதையின் எலும்பு அப்படியே இருக்கிறது, தீர்ப்பு சொல்லும் உரிமை மட்டும் கைமாறியிருக்கிறது. வீட்டில் அடி வாங்கும் தாய் என்ற விஷயம் அதற்குள் இருக்கிறது என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். மகள் அதைக் கவனித்திருந்தால் கேள்வி வரும்.

இடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தெய்வங்கள் வாழும் ஒலிம்பஸ், நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 600ஆவது மாடியில் இருக்கிறது, நிஜக் கட்டடத்துக்கு 102 மாடிகள். இது வேடிக்கைக்காக வைத்தது போலத் தெரியும். ஆனால் பாதாள உலகத்தின் வாசலை ரையர்டன் லாஸ் ஏஞ்சலீஸில் வைத்திருப்பதையும், வானத்தைத் தாங்கும் அட்லஸை சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்து மலையில் வைத்திருப்பதையும் வரைபடத்தில் பாருங்கள். இரண்டும் மேற்குக் கடைக்கோடி. கிரேக்கர்களுக்கும் அப்படித்தான். ஹெசியட்டில் அட்லஸ் உலகத்தின் மேற்கு விளிம்பில், பொன் ஆப்பிள்களைக் காக்கும் ஹெஸ்பெரிட் பெண்களுக்கு எதிரே நின்று வானத்தைத் தாங்குகிறான். ஒடிசியஸ் இறந்தவர்களைப் பார்க்கக் கப்பலில் போவது சூரியன் எட்டாத கடல் விளிம்புக்கு. நாட்டை மாற்றினாலும் திசையை ரையர்டன் மாற்றவில்லை. இதைவிட நுணுக்கமான ஒன்று பாதாளத்திலேயே இருக்கிறது. மூன்று பிறவிகளிலும் நல்லவர்களாக வாழ்ந்து இறந்த நல்லவர்கள் சேரும் எலிசியத்தை மூன்று முறை அடைந்தவர்களுக்கு ஆசீர்வதிக்கப்பட்டோர் தீவு என்று ஒரு வரி போகிற போக்கில் வரும். அது கவிஞர் பிண்டர் கி.மு. 476இல் ஒரு தேர்ப்பந்தய வெற்றிக்காகப் பாடிய பாட்டில் இருக்கிற கருத்து. கல்லூரியில் படித்தாலும் பலர் அந்தப் பாட்டைத் தொட்டிருக்கமாட்டார்கள்.

இனி கவனிக்க வேண்டியவை. முதலாவதும் முக்கியமானதும் மெடூசா. புத்தகத்தில் அவள் பொசைடனின் காதலி, இருவரும் அதீனாவின் கோயிலில் சந்தித்தார்கள், அதனால் அதீனா சபித்துவிட்டாள் என்று வருகிறது. ஹெசியட்டில் கோயிலும் இல்லை, சாபமும் இல்லை. மெடூசா பிறப்பிலேயே மூன்று கோர்கன் சகோதரிகளில் ஒருத்தி, பொசைடன் அவளோடு வசந்தகால மலர்கள் நிறைந்த ஒரு புல்வெளியில் கூடினான், அவ்வளவுதான். கோயிலும் சாபமும் வருவது ரோமானியக் கவிஞர் ஓவிட்டிடம், கி.பி. 8ஆம் ஆண்டு வாக்கில். ஆனால் ஓவிட் சொல்வது காதல் கதை அல்ல. கடல் தெய்வம் அவளைக் கோயிலுக்குள் வன்முறையாகக் கெடுத்தது என்றுதான் சொல்கிறார். தண்டனை மட்டும் அவளுக்குக் கிடைக்கிறது. பிள்ளைகளுக்காக ரையர்டன் அதைக் காதலாக மாற்றியிருக்கிறார். வாசிப்பவரின் மனம் தாங்காததைக் கவிஞர்கள் மாற்றுவது நமக்குப் புதிதல்ல. வால்மீகியில் ராவணன் சீதையைக் கையால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறான். கம்பர் அவளைத் தொடவிடாமல் பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்து எடுக்க வைத்தார். ஆனால் கம்பர் குற்றத்தைக் குற்றமாகவே வைத்திருந்தார். ரையர்டனின் மாற்றத்தில் குற்றமே மறைந்துவிடுகிறது, அதனால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

மெடூசாவோடு இது நிற்கவில்லை. தெய்வங்கள் மனிதப் பெண்களைக் 'காதலித்தார்கள்' என்று தொடர் முழுக்க வரும். பழைய நூல்களில் அவற்றில் பல கடத்தல், ஏமாற்று, பலாத்காரம். 11 வயதுக்கு எழுதும்போது வேறு வழியில்லை, நானும் அந்த வயதுப் பிள்ளைகளிடம் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் 14, 15 வயதில் உங்கள் மகள் பெரியவர்களுக்கான மறுகூறல்களைத் தேடிப் போவாள், இந்தத் தொடரை விரும்பியவர்கள் கட்டாயம் போவார்கள். அப்போது அவளுக்கு அதிர்ச்சியாக இருக்கும். அதற்கு முன்பே, அவள் கேட்கிற ஒரு சமயத்தில், இந்தக் கதைகளின் பழைய வடிவங்கள் இவ்வளவு மென்மையானவை அல்ல என்று நீங்களே சொல்லிவிடுங்கள். நீங்கள் கவலைப்பட்ட 'தவறான பதிவு' என்று ஒன்று இருந்தால் அது இதுதான். அதைத் திருத்த ஒரு உரையாடல் போதும்.

மற்றவை சிறியவை. வில்லனும் ஜீயஸின் தகப்பனுமான க்ரோனஸைக் காலத்தின் அதிபதியாக, நேரத்தை மெதுவாக்குகிறவனாகக் காட்டியிருக்கிறார். ஹெசியட்டின் க்ரோனஸுக்கு நேரத்தோடு சம்பந்தம் இல்லை. அவனைக் காலத்தோடு இணைத்தது பிற்காலத்து வாசிப்பு, ஆனாலும் அதுவே பழங்காலத்திலேயே வந்துவிட்டது, சிசரோவும் புளூட்டார்க்கும் குறிப்பிடுகிறார்கள். தெய்வங்கள் அவனைத் துண்டு துண்டாக வெட்டிப் பாதாளத்தில் எறிந்தார்கள் என்பது ஹெசியட்டில் கிடையாது. அங்கே க்ரோனஸின் தலைமுறைத் தெய்வங்களான டைட்டன்கள் கட்டப்பட்டுக் கிடக்கிறார்கள், நூறு கையர் காவல் இருக்கிறார்கள். லாஸ் வேகஸ் தாமரை விடுதியில் சில மணி நேரம் இருந்ததாக நினைத்து வெளியே வந்தால் ஐந்து நாள் போயிருக்கும். ஒடிசியில் தாமரை தின்றவர்களுக்கு வீட்டு நினைப்பு மறந்துபோகும், நேரம் ஓடிப்போகாது. இவற்றால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

அதீனாவுக்குப் பிள்ளைகள் இருப்பதைப் பற்றி நிறையப் பேர் கோபப்படுவார்கள், அவள் கன்னித் தெய்வம் அல்லவா என்று. ரையர்டன் அதை அறிந்தே செய்திருக்கிறார். அதீனா ஜீயஸின் தலையிலிருந்து பிறந்தது போல அவளுடைய பிள்ளைகள் அவளுடைய எண்ணத்திலிருந்து பிறந்தவர்கள் என்று தொடரில் விளக்கம் உண்டு. பழைய புராணத்திலும் அவள் பெறாத ஒரு பிள்ளையை வளர்க்கிறாள், மண்ணிலிருந்து பிறந்த எரிக்தோனியஸ். எனக்கு இது கெட்டிக்காரத்தனமான தீர்வு.

நான் உடன்படாத இடங்கள் இரண்டு. ஒன்று, 2010 முதல் 2014 வரை வந்த இரண்டாவது வரிசையில், தெய்வங்களுக்குக் கிரேக்க முகம், ரோமானிய முகம் என்று இரண்டு இருப்பதாக வருகிறது. அடிப்படை சரியானது. போர்த் தெய்வமான ஏரிஸைக் கிரேக்கர்கள் அவ்வளவு மதிக்கவில்லை, ரோமானியர்களுக்கோ அதே தெய்வம் மார்ஸ் என்ற பெயரில் தங்கள் நகரத்தை நிறுவிய ராமுலஸின் தகப்பன். ஆனால் ரோமானியர்கள் அதீனாவை மினர்வா என்று ஆக்கி மதிப்பைக் குறைத்து வெறும் கைவினைத் தெய்வமாக்கிவிட்டார்கள் என்று கதை சொல்வது சரியில்லை. ரோமின் மிக உயர்ந்த கோயிலான காப்பிடலைன் குன்றுக் கோயிலில் மூன்றே தெய்வங்கள், ஜூபிடர், ஜூனோ, மினர்வா. அந்த வரிசையின் ஒரு முழுப் புத்தகம் இந்தக் குறையின் மேல்தான் நிற்கிறது. அதே புத்தகத்தில் தேடப்படுகிற பொன்னும் தந்தமுமான அதீனா சிலை மட்டும் நிஜம். ஃபிடியாஸ் செய்தது, கி.மு. 438இல் ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலில் வைக்கப்பட்டது, சுமார் 12 மீட்டர் உயரம், பிற்காலத்தில் தொலைந்துபோனது.

இன்னொன்று, தெய்வங்கள் 'மேற்கத்திய நாகரிகத்தின் இதயம்' எங்கே நகர்கிறதோ அங்கே நகர்வார்கள், கிரீஸ், ரோம், ஐரோப்பா, இப்போது அமெரிக்கா என்ற கருத்து. அமெரிக்காவில் கதை நடக்க வேண்டுமென்றால் ஒரு காரணம் வேண்டும், அது புரிகிறது. தெய்வங்களை இடம் மாற்றுவதும் பழங்காலத்தில் உண்டு. கி.மு. 396இல் ரோமானியர்கள் வெய்யி என்ற எதிரி நகரத்திலிருந்து ஜூனோவை எங்களிடம் வந்துவிடு என்று வேண்டி அழைத்துக்கொண்டு போனதாக லிவி எழுதுகிறார். ஆனால் கிரேக்கத் தெய்வங்கள் அந்தந்த ஊரின் மண்ணோடு கட்டுண்டவர்கள். ஆர்கோஸின் ஹேரா, எபேசஸின் ஆர்ட்டெமிஸ் என்றுதான் கும்பிட்டார்கள். ஒரே நாகரிகம் ஒரு நேர்கோட்டில் பயணம் செய்து ஒரு வல்லரசில் வந்து நிற்கிறது என்ற படம் வரலாறு அல்ல. நாகரிகங்கள் ஒன்றோடொன்று கலந்தே வளர்ந்தன, ஹெசியட்டின் தெய்வ வம்சக் கதையிலேயே மேற்காசியக் கதைகளின் தடம் தெளிவாகத் தெரிகிறது. வானத்தெய்வத்தின் ஆண்மையைக் கடித்தெடுத்து இன்னொரு தெய்வம் அரசைப் பிடிக்கும் கதை, இன்றைய துருக்கிப் பகுதியில் வழங்கிய ஹிட்டைட் மொழிப் பலகைகளில் ஹெசியட்டுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இருக்கிறது. இதைப் பற்றி மகளோடு பேசுங்கள், 11 வயதுக்கு நன்றாகவே புரியும்.

பெர்சியின் டிஸ்லெக்சியாவுக்குக் காரணம் அவனுடைய மூளை பழைய கிரேக்கத்துக்காக அமைந்தது, ஏடிஎச்டி என்பது போர்க்கள அனிச்சைத்திறன் என்று கதை சொல்கிறது. இதில் நான் மருத்துவன் அல்ல, இலக்கியம் படித்தவன் என்ற அளவில்தான் பேச முடியும். ஒரு தகப்பன் தன் மகனுக்குச் சொன்ன அன்பான கற்பனை அது. எழுத்தைப் பார்த்துத் திணறுகிற பிள்ளைகள் அதை வாசித்து நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். விளக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படி ஒரு சிரமம் உங்கள் வீட்டில் இருந்தால் அதற்குரியவர்களிடம் போங்கள்.

எதை முதலில் படிப்பது என்று கேட்டீர்கள். இரண்டாவது புத்தகத்தை மகள் முடித்துவிட்டாள் அல்லவா, அதிலிருந்தே தொடங்கலாம். அதில் பெர்சியின் நண்பன் குரோவர், ஒற்றைக்கண் அரக்கனான சைக்ளாப்ஸ் பாலிஃபீமஸின் குகையில் மணப்பெண் வேடத்தில் மாட்டிக்கொண்டு, கல்யாணத்தைத் தள்ளிப்போட உடையை நெய்து நெய்து பிரிப்பான். அதீனாவின் மகளான அனபெத் கண்ணுக்குத் தெரியாமல் நின்று "நான்தான் ஒருவருமில்லை" என்று பாலிஃபீமஸைச் சீண்டுவாள், அவன் வெறிகொள்வான். ஏன் வெறி என்று கேளுங்கள். பிறகு ஒடிசியின் 9ஆம் காண்டத்தை, அந்த ஒரு காண்டத்தை மட்டும், எளிய மொழிபெயர்ப்பில் சேர்ந்து வாசியுங்கள். ஒடிசியஸ் தன் பெயர் 'ஒருவருமில்லை' என்று சொல்லி அவனை ஏமாற்றிக் கண்ணைக் குத்திய இடம் வரும்போது மகளே குதிப்பாள். நெய்து பிரிக்கும் பெனலபி, ஒடிசியஸின் மனைவி, 2ஆம் காண்டத்தில் இருக்கிறாள். முழு ஒடிசியையும் முதலில் கொடுத்திருந்தால் அந்த வயதில் பாதியில் மூடிவைத்திருப்பாள் என்பது என் அனுபவம். ஆகவே தொடர் முதலில், அந்தந்தப் புத்தகம் முடிந்ததும் அதற்குரிய பழைய பகுதி. தொடரில் முதல் வரிசை ஐந்தையும் முடித்துவிட்டு ரோமானிய வரிசை, அதற்குப் பிறகு 2016இல் தொடங்கிய அப்பல்லோ வரிசை என்று போவது நல்லது, முன்னால் தாவினால் கதை கெட்டுப்போகும். ரோமானிய வரிசையின் நான்காவது புத்தகம் பாதாளத்தின் அடியாழத்தில் நடப்பதால் இருள் அதிகம், அதை 12, 13 வயதுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அவள் கேட்கிற மூன்றாவது புத்தகத்துக்கு, ஹெராக்ளிஸ் பொன் ஆப்பிள்களைத் தேடிப் போன கதையை மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஆப்பிளை எடுத்து வர அட்லஸை அனுப்பிவிட்டு, அதுவரை வானத்தைத் தானே தோளில் தாங்கி, கடைசியில் தலைக்கு ஒரு சும்மாடு வைத்துக்கொள்கிறேன், கொஞ்சம் பிடி என்று தந்திரமாக அட்லஸிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்த கதை. அந்தப் புத்தகத்தில் ஸோயி என்று ஒரு பெண் வருவாள். அவள் யார் என்பதை மகளிடம் இப்போதே உடைத்துவிடாதீர்கள். படித்து முடித்த பிறகு பழைய நூல்களில் அவளைத் தேடினால் கிடைக்கமாட்டாள். அவள் முழுக்க ரையர்டன் உருவாக்கியவள். ஹெஸ்பெரிட் பெண்கள் மூன்று பேரா நான்கு பேரா, அவர்கள் பெயர் என்ன என்பதிலேயே பழைய ஆசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. அப்பலோடோரஸ் நான்கு பெயர்களைத் தருகிறார், வேறு சிலர் மூன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். ஹெராக்ளிஸுக்கு உதவி, குடும்பத்தை இழந்து, அவனாலும் மறக்கப்பட்ட ஒருத்திக்கு ரையர்டன் அந்தக் கூட்டத்தில்தான் இடம் கண்டுபிடித்திருக்கிறார்.